மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு போதும்

ஜூலை பிறந்தால் மலேசியாவில் நம் தோட்டப்புற நகரங்களில் பெயின்ட் டின்கள் திறக்கத் தொடங்கிவிடும். தேசிய நாளான ஆகஸ்ட் 31-க்குள் ஊர் நடுவில் இருக்கிற சின்னப் பூங்கா பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று யாராவது முடிவெடுப்பார்கள். மணிக்கூண்டுக்கு ஒரு கோட் வெள்ளை, நினைவுத்தூணுக்கு ஒரு கோட் சாம்பல், நடைபாதை ஓரக் கல்லுக்குக் கறுப்பும் வெள்ளையும். மிச்சம் இருப்பதை மரத்தின் காலில் அடித்துவிடுவார்கள். அவர்களுடைய எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் மழையும் வயதும் செய்யும் சேதத்தைவிட இந்த அக்கறை செய்யும் சேதம்தான் இப்பூங்காக்களில் அதிகம்.

நான் சொல்வது பெரிய ஏரித் தோட்டங்களைப் பற்றி அல்ல. பஸ் நிலையத்துக்கும் பசாருக்கும் நடுவே, அரை ஏக்கர்கூடத் தேறாத துண்டு நிலம். அதில் ஒரு மணிக்கூண்டோ நினைவுத்தூணோ, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், நாலு பெஞ்சு, எழுத்து மங்கிய பலகைகள். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் சாமான் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடம் அது. நகரத்தின் பத்திரம் போன்ற இடம். அதிலுள்ள எழுத்தைப் படிக்க முடிகிற நிலையில் வைத்திருப்பதே பராமரிப்பு. பளபளப்பு வேறு வேலை.

நன்றாகத் தெரிந்த உதாரணம் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான். சுற்றிலும் செம்பனையும் தென்னையும். நடுவில் சாய்ந்த மணிக்கூண்டு. 1885-இல் லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கட்டியது. உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு. உள்ளே ஏறினால் மூன்றே மாடி. அப்போது ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். 1982-இல்தான் தெலுக் இந்தான் ஆனது. கோபுரத்தின் உள்ளே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி இருந்தது. அடியில் மிருதுவான மண், மேலே தண்ணீரின் பாரம். கோபுரம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மண்ணின் மேல் இரக்கம் வரும்.

இதில் மற்ற நகரங்களுக்கும் பாடம் உண்டு. பேராக்கின் கரையோரப் பகுதிகள் ஆற்று வண்டலும் கடற்சேறும் படிந்த தரை. அங்கே நினைவுச்சின்னத்துக்கு முதல் எதிரி அடியில் தேங்கும் தண்ணீர். மழை விட்ட அரைமணி நேரத்தில் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கேதான் வேலை. பீடத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் தூரத்துக்குத் தரை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். இரண்டு மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் போதும். அந்தத் தண்ணீர் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், போய் விழ வேண்டும். பல இடங்களில் புதிதாக டைல்ஸ் போடும்போது பழைய தரைக்கு மேலேயே போட்டுவிடுகிறார்கள். தரை உயர்ந்து, பீடத்தின் கீழ்வரி புதைந்து, தண்ணீர் உள்நோக்கி ஓடத் தொடங்குகிறது. இரண்டு மழைக்காலம் போதும், சுவரில் இடுப்பளவு ஈரம் ஏறிவிடும்.

இனி சுண்ணாம்பு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்குமானால் அது இதுவாக இருக்கட்டும்.

அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஈரத்தில் கரைந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி உப்பிக்கொண்டே போய், கடைசியில் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பெயின்ட் கொப்புளித்திருக்கும், விரல் கணுவால் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும், கீழே வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடக்கும். இந்த மூன்றில் இரண்டு தெரிந்தாலே அங்கே மறுபடி பெயின்ட் அடிப்பது வீண்செலவு.

சாந்து எது என்று அறிய ஒரு சாவி போதும். மறைவான இணைப்பில் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு மாவாக உதிரும், சிமெண்ட் சாவியைத்தான் தேய்க்கும். கெட்டுப்போன சுண்ணாம்பு இணைப்பை 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கையுளியால் தோண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் கூடாது. செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும், அந்தக் காயத்தை ஆற்ற முடியாது. ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு உப்பில்லாத கரட்டு மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி சில வாரம் ஊறவிட்டால் களி வெண்ணெய்போல் ஆகும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பின்னால் சுவரில் வெடிக்கும். கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். செங்கல்லை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக அமுக்கி நிரப்புங்கள்.

பிழை பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் வருகிறது. நம் ஊர் வெயிலில் சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்னே காய்ந்துவிடும், காய்ந்தால் மாவு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஈரக் கோணிப்பை தொங்கவிட்டு ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஏழு நாளுக்கு ஆள் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

வெள்ளையடிப்பதும் அப்படியே. களியைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, நனைத்த சுவரில் மெலிதாக அடிக்க வேண்டும். முதல் கோட் அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். அதைப் பார்த்துப் பதறித் தடிமனாக அடித்தால் உரிந்து விழும். ஒரு நாள் இடைவெளியில் நாலைந்து மெல்லிய கோட். தீபாவளிக்குத் தோட்டத்து லய வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த கைகளுக்கு இது தெரிந்த வேலைதான். வீட்டில் சிலர் சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போடுவார்கள். பழைய செங்கல்லில் அது வேண்டாம், உப்பை எதிர்த்துத்தானே இவ்வளவும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் இறக்கிவிடாதீர்கள்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் பெயின்ட் ஏறிவிட்டிருந்தால் மணல் பீச்சி எடுக்கக் கூடாது. கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சாண் சதுரத்தில் பெயின்ட் நீக்கியைப் பசைபோல் அப்பி, மூடி, சுரண்டிப் பார்த்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள். மேற்பரப்பு நலமாக இருந்தால் மட்டும் அடுத்த சதுரம். 1930-களிலிருந்து பல நினைவுத்தூண்கள் சிமெண்டில் கருங்கல் பொடிசல் கலந்து மேலே கழுவிய பூச்சு கொண்டவை. ஷாங்காய் பிளாஸ்டர் என்பார்கள். பெயின்டே தேவைப்படாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட பூச்சு அது. அதன்மேல் சாம்பல் பெயின்ட் அடித்து, அது உரிய, மறுபடி அடித்து, இன்று எட்டுப் பத்து தோல் போர்த்திய தூண்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

விரிசலுக்கு வருவோம். விரிசல் இருப்பதைவிட, அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில். காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் சுவர் ஒரே அளவில் இருக்காது. நேரம் மாறினால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள். மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் பெரும்பாலும் அடித்தளம் இறங்குவதைச் சொல்கிறது. விளிம்பு கூர்மையாகவும் சுத்தமாகவும் இருந்தால் புதிது. உள்ளே தூசியும் பாசியும் சிலந்தி வலையும் இருந்தால் பழையது. ஓராண்டு அளவும் அசையாத விரிசலைச் சுண்ணாம்பால் மூடலாம். அசைவதை மூடாமல் பொறியாளரிடம் உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். பன்னிரண்டு மாத அளவைக் கையில் வைத்திருப்பவரை எந்த அலுவலகமும் லேசில் திருப்பி அனுப்பாது.

மணிக்கூண்டு என்றால் மணியும் ஓட வேண்டும். தெலுக் இந்தானின் கடிகாரம் லண்டனின் ஜே.டபிள்யூ. பென்சன் நிறுவனம் செய்தது. பழைய கோபுரக் கடிகாரங்கள் பளுவும் ஊசலும் கொண்டவை. கட்டடம் சாய்ந்தாலும் ஊசல் சாயாது. அது எப்போதும் பூமியின் நடுவை நோக்கியே தொங்கும். சட்டம் மட்டும் சாய்வதால் டிக் ஒரு நீளமும் டாக் ஒரு நீளமுமாக நொண்டும். சில நாளில் நின்றுவிடும். ஊர்க்காரர்கள் கடிகாரம் பழுது என்று மோட்டார் மாட்டச் சொல்வார்கள். ஊசலைத் தள்ளும் கவையை ஒரு பக்கம் மெல்ல வளைத்து இரண்டு சத்தமும் சமமாகும்படி வைத்தாலே மறுபடி ஓடும். நேரத்துக்கு ஒரு கணக்கு: ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு போகும் ஊசல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், அதை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் நாளுக்கு 43 விநாடி வேகமாகும். அவ்வளவு நுட்பம். குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் நாடுகளில் இரும்புக் கம்பி நீண்டு சுருங்கி நேரம் கெடும். நமக்கு ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம், ஆகவே ஒருமுறை சரிசெய்தால் நன்றாகவே நிற்கும். எண்ணெய் அச்சு முனைகளில் மட்டும், ஒரு சொட்டு. பல் சக்கரத்தில் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பல்லையே அரைத்துவிடும். கடிகாரங்களை நிறுத்தும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

கல்லைக் கழுவும் விஷயம். மழை குறைவான மாதம் பாருங்கள். மேற்குக் கரையில் பிப்ரவரியோ ஜூலையோ வசதி. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. வேண்டியவை: நிறையத் தண்ணீர், மெல்லிய நைலான் தூரிகை, எழுத்துக் குழிக்கு சாத்தே இறைச்சி கோக்கும் மெல்லிய மூங்கில் குச்சி, ஒரு வாளிக்கு இரண்டு மூன்று சொட்டு சாதாரண பாத்திரம் கழுவும் திரவம். முதலில் கல்லை நன்றாக நனையுங்கள். கீழிருந்து மேலே தேய்த்துக்கொண்டு போங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு போடும். அந்தக் கோடு எளிதில் போகாது. இறுதியில் மேலிருந்து கீழே அலசுங்கள்.

கம்பித் தூரிகை கூடாது. அதன் இரும்புத் துகள் கல்லில் தங்கி, ஒரு மாதத்தில் பழுப்புப் புள்ளியாகத் துருவேறும். அழுத்தத்தில் தண்ணீர் பீச்சும் மெஷின் அன்றைக்கு அழகாகச் செய்துவிடும். ஆனால் கல்லின் மேல்தோலைச் சொரசொரப்பாக்கி, அடுத்த பாசிக்கு இருக்கை போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும். குளோராக்ஸ் போன்ற பிளீச் கல்லில் உப்பை விட்டுச் செல்லும். பளிங்குப் பலகைக்கு அமிலம் ஊற்றுவது கொலைக்குச் சமம். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் வெட்டிய பளிங்கு, எலுமிச்சைச் சாறு பட்டாலே நுரைக்கும் கல். ஒரு கழுவலில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். கறுப்பாகவும் பச்சையாகவும் படிந்திருக்கும் பாசிக்கு பென்சால்கோனியம் குளோரைடு கலந்த பாசிக்கொல்லியை, டின்னில் எழுதியுள்ள அளவுக்கு நீர்த்து, அடித்துவிட்டுப் போய்விடுங்கள். செத்த பாசி சில வாரத்தில் மழையோடு தானாகக் கழன்றுவிடும். தேய்த்தே தீர வேண்டும் என்பதில்லை.

வெண்கலப் பலகையைப் பிராசோ பாலிஷ் போட்டுத் துலக்காதீர்கள். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் வேண்டாம். பூஜை அறை விளக்கை வாரம் ஒருமுறை துலக்கினாலும் நமக்கு அதன் உருவம் தெரியும். ஆனால் பலகையில் இருப்பது பெயர். ஒவ்வொரு துலக்கலும் பெயரிலிருந்து ஒரு மெல்லிய ஏட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் பலகை சூடாகும் நேரம் பார்த்து மெழுகை மெலிதாகத் தேய்த்து, பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் ஓராண்டுக்குப் போதும். கரும்பழுப்பு நிறம் அதன் காவல். அதை அழுக்கென்று நினைக்க வேண்டாம்.

மங்கிய எழுத்தைப் படிக்க மாவு பூசுவார்கள், சாக்கட்டி தேய்ப்பார்கள். இரண்டும் கெடுதல், மாவு பூஞ்சைக்குத் தீனி. இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத வரி, நிழலில் எழுந்து நிற்கும். நாலு பக்கத்திலிருந்தும் அடித்து நாலு படம் எடுங்கள். ஒரு பக்க ஒளியில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும்.

இனி மரங்கள்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், என்னைப் பொறுத்தவரை இந்த நாட்டின் மிக முக்கியமான நினைவுச்சின்னங்களில் ஒன்று. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. நூற்றுக்கு நான்குகூட இல்லை. மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக, இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையைக் காட்டினார். நம் பாட்டன் பாட்டிகள் இங்கே வந்து சேர்ந்த கதை அந்த வேலிக்குள் நிற்கிறது.

அந்த விதைக் கணக்குக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பால்மர விதை எண்ணெய்ச் சத்துள்ளது. இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கிவிடும். உங்கள் பூங்காவில் ஒரு பழைய பால்மரம் இருந்தால், அதன் வாரிசை வளர்க்க வெடித்து விழுந்த அன்றே விதையைப் பொறுக்குங்கள். பளபளப்பாகவும் கனமாகவும் இருப்பதை எடுத்து, தட்டையான வயிற்றுப் பக்கம் கீழே இருக்க ஈர மணலில் பாதி புதைத்து, நிழல் போட்டுவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை காணும். காய்ந்த பழைய விதையைச் சேர்த்துவைத்துப் பள்ளிப் பிள்ளைகளை நடச் சொன்னால் எல்லாரும் ஏமாந்துபோவார்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலையை முழுக்க உதிர்க்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நகரத்தில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர் மரம் செத்துவிட்டது என்று வெட்டச் சொல்லிவிடலாம். உண்மையான நோய்க்கு அடையாளம் வேறு: மற்ற மரங்கள் பச்சையாக இருக்கும்போது இது மட்டும் மஞ்சளிக்கும், அடித்தண்டில் ஆரஞ்சுநிறத் தட்டுக் காளான் முளைக்கும், வேரைத் தோண்டினால் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். அது வெள்ளை வேர் நோய். ஆகவே தண்டின் கழுத்தை மண்ணால் மூடாதீர்கள். தழை உரம் போட்டாலும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் பழைய மரத்தில் புதிதாக வெட்டவும் வேண்டாம். பழைய வெட்டுத் தழும்பே போதிய பாடம். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் கோடு, ஏறக்குறைய 30 பாகை. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். தழும்பு வழுவழுப்பாக ஆறியிருந்தால் வெட்டியவர் கைதேர்ந்தவர். முண்டும் முடிச்சுமாக இருந்தால் கத்தி ஆழப்போய் மரத்தைத் தொட்டிருக்கிறது. இதை ஒரு பலகையில் படத்தோடு எழுதிவைத்தால், கத்தி பிடித்தவர்களின் திறமை முதன்முறையாக அந்தப் பூங்காவில் எழுத்தில் நிற்கும்.

தூங்குமூஞ்சி மரத்துக்கு வேண்டியது இடம். தண்டின் குறுக்களவு ஒரு மீட்டர் என்றால் சுற்றிலும் பன்னிரண்டு மீட்டர் அதன் வேரின் ஆட்சி. அங்கே தோண்டாதீர்கள், மண் கொட்டி உயர்த்தாதீர்கள், சிமெண்ட் போடாதீர்கள். கிளை பயமாக இருந்தால் மொட்டையடிக்காதீர்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்ப்பவை பட்டையில் மட்டும் ஒட்டியிருக்கும். தடித்துக் கனத்த பிறகு காற்றில் முறிந்து விழுவது அவைதான். சரியான வெட்டு மூன்று தடவை: தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து கால்வாசி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் மிச்சக் கட்டையைத் தண்டோடு சேரும் மேட்டுக்கு வெளியே. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். காயத்துக்குத் தார், பெயின்ட் எதுவும் வேண்டாம். மரத்தை அடியோடு வெட்டுவதென்றால் 1976-ஆம் ஆண்டு நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்துக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். கட்டடத்துக்கு 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம். பதிவேட்டில் ஏறிய சின்னமானால் பாரம்பரிய ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கரண்டிச் சாந்துகூட வைக்கக் கூடாது. தொண்டு வேலை என்றாலும் இது பொருந்தும்.

புல் வெட்டும் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் நைலான் கயிறு பளிங்கின் அடிவிளிம்பைக் கொறிக்கும், இளமரத்தின் பட்டையைச் சுற்றி அறுத்துவிடும். பீடத்தையும் மரத்தையும் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சரளைக் கல் பரப்பிவிட்டால் மெஷின் கிட்டே வரவே தேவை இருக்காது. சில நூறு வெள்ளி (ரிங்கிட்) செலவு. இதைவிடப் பலன் தரும் செலவு இந்தப் பூங்காவில் வேறில்லை.

சில நகரங்களில் தோட்டத்து நினைவாக ரப்பர் பால் கட்டியைத் தகடாக்கும் உருளை மெஷினைப் பூங்காவில் நிறுத்துகிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் அதன் காலைச் சிமெண்டுக்குள் புதைத்தால் இரும்பும் சிமெண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் நின்று, ஐந்தாறு ஆண்டில் கால் அற்றுவிடும். மேடைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் நிறுத்துங்கள். உளுத்த துருவை மட்டும் சுரண்டி, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு. பக்கச் சட்டத்தில் வார்ப்பிலேயே செய்தவர் பெயர் இருக்கும். தடித்த பெயின்டில் அது மூழ்காமல் பாருங்கள். வரி உருளை, வழுக்கு உருளை இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கதை முழுமை. வழுக்கில் தண்ணீர் பிழிந்து, வரியில் கோடு போட்டு, பிறகுதான் புகைக்கூண்டுக்குப் போகும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு ரப்பர் மெஷின் என்று எழுதுவது அரைகுறை.

கடைசியாக, பெயர்கள்.

நினைவுத்தூண்களில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். துரைகள், அதிகாரிகள், திறந்துவைத்தவர்கள். 1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு 6,982 கல்லறைகள் ஒழுங்கு வரிசையில் இருக்கின்றன. பெரட்டில், அதாவது தோட்டத்துக் காலை வருகைப்பதிவில், பெயர் கூப்பிட்டு அழைத்துப் போன நம்மவர்க்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை. ஆகவே ஒரு தோட்டப்புற நகரம் தன் பூங்காவில் அவர்களுக்கு ஒரு கல் வைக்க விரும்பினால், அதைச் சரியாகச் செய்வது கடமை.

கல் கருங்கல்லாக இருக்கட்டும். மினுமினுப்பு ஏற்றாமல், நயமாகத் தேய்த்த கறுப்புக் கருங்கல்லில் எழுத்தைக் குடைந்தால் எழுத்து தானாக வெளிறித் தெரியும். தங்கப் பெயின்ட் தேவையில்லை. தங்கப் பெயின்ட் சில ஆண்டில் உதிர்ந்து, பாதி எழுத்து மினுக்கி பாதி எழுத்து மங்கி, படிக்கவே முடியாமல் போகும். எழுத்து மூன்று மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். தமிழுக்கு இது முக்கியம், ஏனென்றால் முதலில் அழிவது புள்ளி. புள்ளி போனால் ‘முத்தம்மாள்’ ‘முததமமாள’ ஆகிவிடுவாள். உயரம் 30 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கல்லைப் படுக்கவைக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். படுத்த கல்லின் எழுத்துக் குழியில் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். பின்னால் பிடித்து நிற்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்.

தமிழ் தெரியாத கல் பட்டறைக்கு எழுத்தாக அனுப்பாதீர்கள். அவர்களுடைய கணினியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் குதிக்கும், புள்ளி பக்கத்து எழுத்துக்கு நகரும். ‘கோவிந்தன்’ சிதறிப் போவார். எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது படமாக, மாற்றி, அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, இரண்டு பேர் கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயர் நோக்கிப் படிக்க வேண்டும். முன்னிருந்து படித்தால் கண் பழக்கத்தில் பிழையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பெயரின் எழுத்துக்கூட்டையும் குடும்பத்தாரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். ராசம்மாவா இராஜம்மாவா என்பதை அவர்கள் சொல்லட்டும்; இலக்கணம் அங்கே தலையிட வேண்டாம். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய பழைய ‘லை’, ‘னா’ வடிவங்கள் உள்ள கல்லை மறுபடி வெட்ட நேர்ந்தால், அந்த வடிவத்திலேயே வெட்டுங்கள். பலகையில் தேசிய மொழி முதலில் வரும். தமிழ் அதற்குக் கீழே, அதே அக்கறையோடு.

கல்லின் அடியில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். திறப்பு விழா முடிந்த மறுவாரமே யாராவது ஒருவர் பழைய படமோ துண்டுக் காகிதமோ எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் தாத்தாவும் போனவர்தான் என்று நிற்பார். அந்தப் பெயரையும் அதே எழுத்தில் வெட்ட, எழுத்துக் கோப்பு, கல்லின் அளவு, வெட்டிய ஆழம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, தமிழ்ப்பள்ளியில் ஒரு பிரதியும் கோயில் அலுவலகத்தில் ஒரு பிரதியும் வைத்திருங்கள்.